அமெரிக்காவில் முதல் ராத்திரி: விருதுநகர்த் தங்கைக்கு ஒரு பதில்

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறார். இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. சென்னையிலிருந்து தோஹா, தோஹாவிலிருந்து சிகாகோ, அப்புறம் பஸ்ஸில் பல்கலைக்கழக ஊர். "இருபது மணி நேரம் எப்படி அக்கா உட்கார்ந்திருப்பது? கூட என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று விமானத்தைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறார். கடைசியில், போகிறபோக்கில், "ரூம்மேட் இரண்டு நாள் கழித்துத்தான் வருவாள்" என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியாத ஊரில், காலியான வீட்டில், தனியாக ஒரு ராத்திரியை எப்படிக் கழிப்பது என்று கேட்கிறார். அதற்குத்தான் முக்கியமாகப் பதில் சொல்கிறேன். விமானத்தை வழியில் பார்த்துக்கொள்வோம்.

நான் 2008 ஆகஸ்டில் இதேபோல் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவள். படித்து முடித்து அதே ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதால், ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஜனவரியிலும் புதுப் பிள்ளைகளை பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. காகித விவரம் எதைச் சொன்னாலும் அது எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் அமெரிக்கா வருகிறவர்களுக்கு மட்டும்தான். உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் இதில் எதையாவது மாற்றிச் சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் மணிக்கணக்கைப் பார்த்துவிடுவோம். மதியம் 2 மணிக்கு வேன் பிடித்து வீட்டிலிருந்து கிளம்பினால், 500 கிலோமீட்டர் தாண்டி மீனம்பாக்கம் வந்து சேர ராத்திரி 11 ஆகிவிடும். விமானம் அதிகாலை 4 மணி வாக்கில். தோஹாவுக்கு நாலரை மணி நேரம், அங்கே இரண்டரை மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் சிகாகோவுக்குப் பதினாலு, பதினைந்து மணி நேரம். சிகாகோவில் நீங்கள் இறங்கும்போது அங்கே மதியம் 3 மணி, நல்ல வெயில் அடிக்கும். ஆகஸ்டில் சிகாகோ நம் ஊரைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால், உங்கள் உடம்புக்கு அப்போது ராத்திரி ஒன்றரை. வீட்டு வாசலைத் தாண்டி முப்பத்தைந்து மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நிலையில்தான் இமிக்ரேஷன் வரிசையில் நிற்கப்போகிறீர்கள், பெட்டி தேடப்போகிறீர்கள், பஸ் பிடிக்கப்போகிறீர்கள், சாவி வாங்கப்போகிறீர்கள். மூளை மந்தமாக இருக்கும், சின்ன விஷயத்துக்கும் அழுகை வரும். அதனால் அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க வேண்டியது எதையும் மிச்சம் வைக்காமல், எல்லாவற்றையும் ஊரிலேயே யோசித்துத் தாளில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

விமானத்தைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு எதுவும் இல்லை. உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போல இருக்கும். காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. உதடு வெடிப்பதும், தொண்டை காய்வதும், லேசாகத் தலைவலிப்பதும் இதனால்தான், அடிக்கடி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினாலோ மிட்டாய் சப்பினாலோ விட்டுவிடும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது என்பது உறுதியான விஷயம். இளவயதில், வேறு நோய் இல்லாதவர்களுக்கு அது அரிது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் போதும், அதற்காக வழியோர இருக்கை கேட்டு வாங்குங்கள். குடும்பத்தில் யாருக்காவது அப்படி ரத்தம் உறைந்திருந்தால் மட்டும் கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்கள். சைவம் என்றால் விமான நிறுவனத்தின் தளத்தில் ஒருநாள் முன்பாவது ஆசிய சைவ உணவு என்று பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டாலும் மிளகாய்ப் பொடி தடவிய இட்லி இருக்கவே இருக்கிறது. ரயிலுக்குக் கட்டித் தருகிற அதே இட்லி விமானத்திலும் ஒருநாள் தாங்கும். இறங்குவதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

இப்போது நான் ஒவ்வொரு வருடமும் தொண்டை கிழியச் சொல்கிற விஷயம். முதல் ராத்திரிக்கு வேண்டியது எல்லாமே கையோடு வரும் பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி உங்களோடு வந்து சேரும் என்று நம்பாதீர்கள். தோஹாவில் ஒரு பெட்டி ஏறாமல் போய், மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்து சேருவது சாதாரணமாக நடக்கிறது. பாஸ்போர்ட், பல்கலைக்கழகம் தருகிற ஐ-20 படிவம், அட்மிஷன் கடிதம், செவிஸ் என்கிற அமெரிக்க அரசின் மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர் கட்டிய ரசீது, பணத்துக்கான ஆதாரங்கள், மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டோடு மாத்திரை, இவை கைப்பையில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் சேர்க்கச் சொல்வது வேறு: ஒரு மெல்லிய போர்வை, ஒரு மாற்றுத் துணி, சோப்பு, பல் துலக்கும் பிரஷ், அமெரிக்க பிளக்கில் நுழையும் அடாப்டர், இரண்டு பிஸ்கட் பாக்கெட், வறுத்த வேர்க்கடலை, பூட்டியிருக்கும் கதவின் முன் நின்றால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று எழுதிய தாள். அந்தத் தாளில் வீட்டு முகவரி, சாவி தருகிறவர் எண், சீனியர் எண், பல்கலைக்கழக எண் எல்லாம் பேனாவால் எழுதியிருக்கட்டும். போன் சார்ஜ் தீர்ந்தால் போனில் உள்ள எண் உதவாது. பவர் பேங்கைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, அது கைப்பையில்தான் வர வேண்டும். சில விமானங்களில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் விடுவதில்லை. கொப்பரைத் தேங்காயை எந்தப் பையிலும் வைக்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று எடுத்துவிடுவார்கள்.

மீனம்பாக்கத்தில் டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள். வேனில் வந்த பன்னிரண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார்கள். அங்கே அரை மணி நேரம் அழுது, அப்புறம் உள்ளே ஓடி, பெட்டியில் 2 கிலோ கூடுதல் என்று தரையில் உட்கார்ந்து ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பு உள்ளே நுழைந்துவிடுங்கள். உள்ளே போய் எடை முடிந்ததும் வெளியே நிற்கிற அம்மாவுக்கு ஒரு போன் செய்யலாம். அதுவரை அவர்கள் அங்கேயேதான் நிற்பார்கள்.

சிகாகோ இமிக்ரேஷன். இதில் எது உறுதி, எது அதிகாரி கையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஐ-20-யில் உள்ள படிப்பு தொடங்கும் தேதிக்கு இன்னும் 30 நாளுக்கு மேல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்பது உறுதி. கைரேகையும் படமும் எடுப்பார்கள் என்பதும் உறுதி. என்ன படிக்கப் போகிறாய், எங்கே, யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்பார்கள். சுருக்கமாக, உண்மையைச் சொன்னால் போதும். விசா இருந்தாலும் உள்ளே விடுவது அந்த அதிகாரியின் முடிவு. சிலரைத் தனி அறையில் உட்காரச் சொல்வார்கள். அங்கே போனை எடுக்க விடமாட்டார்கள், ஒரு மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அப்படி உட்கார்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு காகிதத்தைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அதனால் பஸ்ஸை இறங்கும் நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். வீட்டாரிடம் "இறங்கி மூன்று மணி நேரம் வரை நான் பேசாமல் இருக்கலாம், பயப்படாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த மூன்று மணி நேரம் உங்கள் அப்பாவுக்கு நடுராத்திரி.

சாப்பாட்டுப் பொருள் விஷயத்தில் ஒரே விதி: இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுவது. சொன்ன பொருள் கூடாதது என்றால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம் வரும். பருப்புப் பொடி, சாம்பார் பொடி, ஊறுகாய் பொதுவாகப் போய்விடும். அரிசியும் கொண்டைக்கடலையும் இந்தியாவிலிருந்து கையோடு கொண்டுவரக் கூடாது, தானியக் கிடங்கை அழிக்கும் ஒரு வண்டு அதில் வரும் என்பதால். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் காய வைக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் வாழ்கிறது. பாட்டி ஈரத்துணியில் சுற்றித் தந்த ஒரு கொத்தை ஒரு பெண் அங்கே கொடுத்துவிட்டு வந்து, பஸ் முழுக்க அழுததாகச் சொன்னாள். கறிவேப்பிலை இங்கே இந்தியக் கடையில் கிடைக்கும் என்று முன்பே யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம்.

பணமும் போனும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் வாங்கலாம், மீதி ஃபோரெக்ஸ் கார்டில், அதாவது முன்பே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கிற அட்டையில். அதில் 200, 300 டாலரைப் பத்தும் இருபதுமாக மாற்றிக் கைப்பையில் வையுங்கள். ஜிபே இங்கே கைகொடுக்காது. இந்திய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்பும் முன்பே ரோமிங்கை இயக்கி, வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று உங்கள் கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெட்டி வரவில்லை என்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் விமான நிறுவனத்தின் கவுன்டரில் எழுதிக் கொடுத்து, எண் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

சரி, ராத்திரிக்கு வருவோம். வாடகை வீட்டுச் சாவி தருகிற அலுவலகம் மாலை 5, 6 மணிக்குப் பூட்டிவிடும். நீங்கள் போய்ச் சேர எட்டரை ஆகும். சாவி அப்போது யார் கையில் இருக்கும் என்பதை இப்போதே, இந்த வாரமே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ரூம்மேட் இல்லாத அந்த இரண்டு ராத்திரியும் யாராவது சீனியர் வீட்டு ஹாலில் படுத்துக்கொள்ள முடியுமா என்று இந்திய மாணவர் சங்கத்தில் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். நாங்கள் எல்லோரும் யாரோ ஒருவர் ஹாலில் படுத்து எழுந்தவர்கள்தான். என் அனுபவத்தில், கேட்டவர்களுக்கு அநேகமாக இடம் கிடைத்துவிடுகிறது. கேட்காதவர்கள்தான் தனியாகக் கிடக்கிறார்கள்.

அப்படியும் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்றால், இதைத் தெரிந்துகொண்டு போங்கள். 2008-ல் நான் சாவி வாங்கிக் கதவைத் திறந்தபோது ராத்திரி 9 மணி. ஸ்விட்சைப் போட்டேன், விளக்கு எரியவில்லை. எல்லா ஸ்விட்சையும் போட்டேன். சமையலறையிலும் பாத்ரூமிலும் மட்டும் எரிந்தது, ஹாலும் படுக்கையறையும் இருட்டு. கரண்ட் பாதிதான் வருகிறது என்று நினைத்து, நோக்கியா போனின் டார்ச் வெளிச்சத்தில், பெட்டி மேல் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தேன். மேலே அண்ணாந்து பார்த்தால் கூரையில் விளக்கே இல்லை. இங்கே பல வீடுகளில் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் கூரை விளக்கு வைக்கமாட்டார்கள். சுவரில் இருக்கும் ஸ்விட்ச் கீழே உள்ள ஒரு பிளக் பாயின்ட்டுக்கு இணைப்பு. நாம்தான் ஒரு நிலை விளக்கு வாங்கி அதில் சொருக வேண்டும். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரே நிமிடத்தில் காட்டிக் கொடுத்தாள். ஒரு ராத்திரி முழுக்க நான் அழுதது இது தெரியாததால். அதனால் பாத்ரூம் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், வெளிச்சம் போதும்.

அந்த பாத்ரூமில் குளிக்கும் தொட்டிக்கு வெளியே தண்ணீர் போக வழி இருக்காது. நம் வீட்டு நினைப்பில் தரையில் ஊற்றிவிடாதீர்கள். திரைச்சீலையின் நுனி தொட்டிக்கு உள்ளே விழுந்திருக்க வேண்டும். வெளியே தொங்கினால் பத்து நிமிடத்தில் தரையெல்லாம் வெள்ளம், கீழ் வீட்டுக் கூரையில் ஈரம். ஒரு பையன் முதல் ராத்திரியே ஒரே மாற்றுத் துணியால் அதைத் துடைத்துவிட்டு ஈரத் துணியோடு தூங்கினான். மக் இருக்காது, ஒரு காலி தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து மின்சாரக் கெட்டில் கொண்டுவர வேண்டாம். இங்கே 120 வோல்ட், நம்மூர் 230 வோல்ட் கெட்டில் இங்கே கால் பங்கு வேகத்தில்தான் சூடாகும். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100-240 என்று போட்டிருக்கும், அவற்றுக்குக் கவலை இல்லை. முதல் நாளே கடுகு தாளிக்காதீர்கள், புகை அலாரம் கட்டடமே அதிரக் கத்தும். கத்தினால் ஜன்னலைத் திறந்து துணியால் விசிறுங்கள், பேட்டரியைக் கழற்ற வேண்டாம். ஏசி எண் ஃபாரன்ஹீட்டில் இருக்கும், 74, 75-ல் வையுங்கள். உள்ளே கதவைப் பூட்டினீர்களா என்று ஒருமுறை பாருங்கள். ஆபத்து என்றால் 911.

வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வீட்டுக்கு வீடியோவில் ஐந்து நிமிடம் பேசுங்கள். அப்போது ஊரில் காலை 7 மணி. அறையைச் சுற்றிக் காட்டுங்கள், கதவு, பூட்டு, பாத்ரூம் எல்லாம். அம்மாவுக்கு இடம் கண்ணில் பட்டுவிட்டால் பாதி நிம்மதி. அப்புறம் பிஸ்கட்டையாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வரும். பெரும்பாலோருக்கு வருகிறது. ஊரில் அப்போது பகல் பன்னிரண்டரை, உங்கள் வயிறு மதியச் சோற்றைக் கேட்கும். கடலையும் பிஸ்கட்டும் கைப்பையில் வைக்கச் சொன்னது இந்த நேரத்துக்குத்தான். தூக்கமும் இல்லை, பசி, வெளியே ஒரு சத்தம் இல்லை, பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் அந்த நேரத்தில் வீட்டுக்கு போன் செய்து "நான் திரும்பி வந்துவிடுகிறேன்ப்பா" என்று அழுதாள். அவள் அப்பா அன்றைக்கே டிக்கெட் விசாரிக்கப் போய்விட்டார். மறுநாள் மாலை அவள் எங்களோடு இந்தியக் கடையில் தோசை மாவு தேடிக்கொண்டிருந்தாள், அப்பா மட்டும் ஒரு வாரம் தூங்கவில்லை. அழுகை வந்தால் அழுங்கள், அம்மாவிடமும் பேசுங்கள். ஆனால் அந்த 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் எதையும் முடிவு செய்யாதீர்கள், எந்த முடிவையும் வீட்டில் சொல்லாதீர்கள். உறவுக்காரர் யாராவது முழித்திருப்பார்கள், அவர்களோடு வெட்டிக் கதை பேசுங்கள். பெட்டியைப் பிரித்துத் துணி மடியுங்கள். விடிந்ததும் வெளியே போய் அரை மணி நேரம் நடங்கள்.

இந்தத் தூக்கக் கோளாறு எத்தனை நாள் இருக்கும்? உடம்பின் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும் என்பது நன்கு தெரிந்தது, அதனால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பகல் வெளிச்சம்தான் அதை நகர்த்துகிற பெரிய சக்தி என்பதும் உறுதி. மெலட்டோனின் மாத்திரை சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை. வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். பகலில் தூக்கம் அள்ளினால் அலாரம் வைத்து அரை மணி நேரம் மட்டும். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். இரண்டு வாரம் கழித்தும் சாப்பாடு இறங்கவில்லை, தினமும் அழுகை, வகுப்புக்குப் போகவே மனமில்லை என்றால் அது வெறும் ஊர் ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது. பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகர்கள் இருப்பார்கள். போய்ப் பேசுவதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது.

ஒன்று விட்டுப்போய்விட்டது. பிறந்ததிலிருந்து நாம் ஃபேன் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள். இங்கே ஏசி நின்றால் அறையில் அப்படி ஒரு நிசப்தம், காதில் அடிப்பது போல இருக்கும். தூக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. கிளம்புகிற வாரம் ஒரு ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, உங்கள் அறை ஃபேன் ஓடும் சத்தத்தை ஒரு மணி நேரம் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் அம்மா இருமினால் அதையும் அழிக்க வேண்டாம்.